வீட்டு விளைக்கு எந்தக் கீரை: அரையா, தண்டா, சிவப்பா?

கீரை போட இடம் எங்கே என்று கேட்டால், நம் குமரி மாவட்டத்தில் பெரும்பாலோர் காட்டுவது தென்னைக்கும் வாழைக்கும் நடுவே சும்மா கிடக்கும் இடத்தைத்தான். அதை முதலில் விட்டுவிடுங்கள். தண்டு, அரை, முளை, சிவப்பு என்று எந்தப் பெயரில் வந்தாலும் இந்தக் குடும்பத்துக்கு வெயில் வேண்டும். நிழலில் விதைத்தால் நெடுநெடுவென்று மெலிந்து வளர்ந்து தலை சாயும். பாதி நாளாவது வெயில் விழுகிற இடம் கிடைத்த பிறகுதான் எந்தக் கீரை என்ற பேச்சே.

வேரோடு பிடுங்குகிற கீரையா, அரிந்து அரிந்து எடுக்கிற கீரையா என்பது முதல் கேள்வி. முளைக்கீரையை விதைத்து 25 நாளுக்குள் பிடுங்கிவிடலாம். தண்டு வேண்டும் என்றால் 40, 50 நாள் விட்டுவைக்க வேண்டும். பருப்போடு கடையவோ புளிக்குழம்பில் போடவோ அந்தத் தண்டுக்கு ஈடு இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பிடுங்கிய மறுநாள் பாத்தி காலி. மறுபடி கொத்தி, எரு போட்டு, விதைத்து, எறும்பு தூக்கிப் போகாமல் பார்த்து, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஒரு பாத்தி முழுக்க ஒரே நாளில் பருவத்துக்கு வந்துவிடுவது இன்னொரு தொல்லை. மூன்று பேர் இருக்கும் வீட்டில் அவ்வளவு கீரையையும் யார் தின்பது?

அரைக்கீரையில் இந்தத் தொல்லை இல்லை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 3 என்ற ரகம் இந்த வகைதான். 20 நாளில் முதல் அரிவு, அப்புறம் வாரம் ஒருமுறை என்று பத்து அரிவு வரை எடுக்கலாம். அடியில் இரண்டு மூன்று கணு விட்டு அரிந்தால் பக்கக் கிளை வெடித்து வரும். ஒவ்வொரு அரிவுக்கும் பிறகு தீனி போட வேண்டும், இல்லாவிட்டால் மூன்றாம் அரிவிலேயே இலை சிறுத்துவிடும். பசு மூத்திரத்தைப் பத்து மடங்கு தண்ணீரில் கலந்து வேரடியில் ஊற்றினால் போதும். தோவாளை, ஆரல்வாய்மொழிப் பக்கம் ஆடிக்காற்றில் உயரமான தண்டுக்கீரை படுத்துவிடும். குட்டையாக அரிந்து வைத்த அரைக்கீரை அங்கே பிழைக்கும். மாடியில் பையில் வளர்ப்பவர்களுக்கும் அரைதான் வசதி.

அடுத்தது நிறம். கல்குளம், விளவங்கோடு பக்கத்து வீடுகளில் சிவப்புக் கீரைக்குத்தான் மவுசு. தேங்காய் துருவிப் போட்டுத் துவரன் வைத்தால் தட்டில் சோறே சிவக்கும். கீரை என்றாலே முகம் சுளிக்கும் பிள்ளைகள்கூட அந்தச் சாயத்துக்காகத் தின்பார்கள். கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் அருண் என்ற சிவப்பு ரகம் அரிந்து எடுக்கவும் தோதானது. வெயில் காலத்தில் இதற்கு என் ஓட்டு.

மழை வந்தால் கதை மாறும். நமக்கு இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையும் உண்டு, துலாமழை என்கிற வடகிழக்குப் பருவமழையும் உண்டு. இலைகருகல் நோய்க்கு அதைவிட என்ன வேண்டும்? ரைசோக்டோனியா என்ற பூஞ்சைதான் காரணம். இலையில் நீர் கோத்ததுபோல் புள்ளி விழுந்து, வெளுத்து, ஓட்டையாகும். மழைத்தண்ணீர் மண்ணில் அடித்துத் தெறிக்கத் தெறிக்கப் பாத்தி முழுக்கப் பரவும். சிவப்பு ரகங்கள் இதற்குச் சீக்கிரம் மடியும். பச்சை ரகமான கோ 1 தாக்குப்பிடிக்கும். சிவப்பையே விட மனமில்லை என்றால் இரண்டையும் கலந்து நடலாம். நடுவே பச்சைச் செடி நின்றால் நோய் பரவும் வேகம் குறையும். தண்ணீரைப் பூவாளியால் இலைமேல் தூவாமல் அடியில் விட வேண்டும். புதுச் சாணம் 1 கிலோவை 10 லிட்டர் தண்ணீரில் கரைத்து, தெளிய வைத்து வடிகட்டித் தெளிப்பதும் கைகண்ட முறைதான். ஆனால் நாளைக்கு அரியப்போகிற இலையில் அதைத் தெளிக்க எனக்கு மனம் வராது. நாற்றிலும் இளம் பயிரிலும் தெளிப்பதோடு சரி.

சுருட்டுப்புழு எந்த நிறத்தையும் விடாது. இலையை மடித்து நூலால் ஒட்டிக்கொண்டு உள்ளே இருக்கும். வீட்டுப் பாத்திக்கு மருந்து எதற்கு, கையால் நசுக்கினால் ஆயிற்று.

ஆக, ஒரே ஒரு பாத்திதான் என்றால் அரைக்கீரை. இரண்டாவது பாத்திக்கு இடமிருந்தால் தையிலிருந்து சித்திரை வரை சிவப்பு, மழை மாதங்களில் அதே இடத்தில் பச்சை. தண்டுக்கீரைக்குத் தனிப்பாத்தி வேண்டாம். ஓரத்தில் ஓரடி இடைவெளியில் சில செடி நின்றால் குழம்புக்கு ஆகும்.

ஐப்பசி, கார்த்திகையில் பகல் குறுகும்போது பல ரகங்கள், முக்கியமாகச் சிவப்பில் சில, இலை விடுவதை விட்டுக் கதிர் தள்ளும். அப்போது இலைக்காகப் புதிதாக விதைக்காதீர்கள். நிற்பதில் திடமான செடி இரண்டை மட்டும் விட்டுவைத்தால், மழை ஓய்ந்த வெயிலில் கதிர் காயும். துணி விரித்துத் தட்டினால் அடுத்த விதைப்புக்கு வேண்டிய விதை கிடைத்துவிடும். ஒரு சதுர மீட்டருக்குக் கால் கிராம் போதும், மணலோடு கலந்து தூவ வேண்டும்.