எட்டு ஆண்டுகளாக என் மேசையில் இருக்கும் பெயரில்லா ஜப்பான் தையல் இயந்திரம்

2017ஆம் ஆண்டு ரொறன்ரோவில் ஒரு பழம்பொருள் கடையின் பின்மூலையில், கார்களில் காணும் வகையான மின்னும் நீல நிறத்தில் ஒரு தையல் இயந்திரத்தைக் கண்டேன். விலை 25 டொலர். கைச்சக்கரம் அசையவில்லை, மின்கம்பியின் உறை வெடித்திருந்தது, அடிநூல் சுற்றிய பொபினை ஏந்தும் பொபின் கேஸைக் காணவில்லை. ஆனால் நூல் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் டென்ஷன் திருகு ஊசிப் பக்கத்து முகத்தகட்டில் இருந்ததைப் பார்த்ததும் அது அமெரிக்க நிறுவனமான சிங்கரின் 15 என்ற பழைய வடிவத்தைப் பின்பற்றிய குடும்பத்தைச் சேர்ந்தது என்பது புரிந்துவிட்டது. ஊரில் அம்மா மிதித்துத் தைத்த கறுப்பு இயந்திரத்துக்கும் அதே முகம். அன்று தூக்கி வந்த அந்த இயந்திரத்தில்தான் இன்றுவரை எங்கள் வீட்டுத் தையல் வேலையில் பெரும்பகுதி நடக்கிறது.

அதன் மேற்கையில் (மேலே கிடையாக நீண்டிருக்கும் கை போன்ற பகுதியில்) பெரிய எழுத்தில் இருந்த பெயரை நான் இங்கே குறிப்பிடப் போவதில்லை. குறிப்பிட்டாலும் பயனில்லை. 1950களிலும் 60களிலும் வட அமெரிக்காவுக்கு வந்த ஜப்பான் இயந்திரங்களில் பெரும்பாலானவற்றுக்கு அவற்றைச் செய்த தொழிற்சாலைகள் பெயர் வைக்கவில்லை. இறக்குமதி செய்தவர்களும் விற்ற கடைகளும் தங்களுக்குப் பிடித்த பெயரை ஒட்டிக்கொண்டார்கள். ஐரோப்பிய ஒலியுடைய பெயர்கள், அமெரிக்க ஊர்களின் பெயர்கள், வெறும் ‘டீலக்ஸ்’ என்று கணக்கற்ற பெயர்கள் இருக்கின்றன. ஒரே வார்ப்பில் பிறந்த இரண்டு இயந்திரங்கள் இரண்டு கடைகளில் வெவ்வேறு பெயரில் விற்கப்பட்டிருக்கலாம். எனவே பெயரை வைத்து வரலாறு தேடுகிறவர்களுக்குப் பெரும்பாலும் ஏமாற்றமே மிஞ்சும். எனக்கும் முதல் மூன்று மாதங்கள் அப்படித்தான் கழிந்தன.

போருக்குப் பிந்திய ஜப்பானில் தையல் இயந்திரம் ஒரு முக்கிய ஏற்றுமதிப் பொருளாயிற்று. 1908இல் நகோயாவில் பழுதுபார்க்கும் கடையாகத் தொடங்கிய பிரதர், 1921இல் தோன்றிய ஜானோமே போன்ற பழைய நிறுவனங்களோடு, 1938இல் படைக்கருவி செய்வதற்காக உருவாகிப் போர் முடிந்ததும் வீட்டுத் தையல் இயந்திரத்துக்கு மாறிய ஜுகி போன்றவையும் இத்துறையில் இறங்கின. காப்புரிமைக் காலம் முன்பே முடிந்துவிட்ட சிங்கர் 15 வகையையே அடிப்படையாகக் கொண்டு, உறுப்புகளின் அளவுகளைப் பொதுவாக வரையறுத்து, எச்.ஏ. 1 என்ற ஒரே வடிவத்தைப் பல தொழிற்சாலைகள் செய்தன. ஒன்றின் பொபினும் ஊசியும், துணியை அழுத்திப் பிடிக்கும் ஃபுட்டும் மற்றதில் பொருந்துவதற்கு இந்தப் பொது அளவே காரணம். இன்றும் ஜப்பான் ஊசிப் பொட்டலங்களில் சாதாரண வீட்டு ஊசிக்கு ‘எச்.ஏ. × 1’ என்று அச்சிட்டிருப்பதைக் காணலாம். 15 × 1 என்று மற்றவர்கள் சொல்லும் அதே ஊசிதான் அது.

ஆகவே அடையாளம் காண்பதற்கு நான் இயந்திரத்தைச் சாய்த்து அடிப்பக்கத்தைத்தான் முதலில் பார்க்கிறேன். வார்ப்பிலோ அடித்தட்டிலோ ஜே.ஏ. அல்லது ஜே.சி. என்று தொடங்கி ஒரு சிறிய எண் இருந்தால், அது ஜப்பான் தொழிற்சாலைக் குறியீடு. ‘ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பானில் செய்யப்பட்டது’ என்று பொருள்படும் ஆங்கில முத்திரை இருந்தால் காலத்தையும் ஓரளவு குறித்துவிடலாம். அம்முத்திரை 1947க்கும் 1952க்கும் இடைப்பட்ட காலத்துக்குரியது. முத்திரை இல்லாதவற்றைத் தோற்றத்தைக் கொண்டுதான் கணிக்க வேண்டும். கறுப்பு உடலும் தங்கப் பூ வேலைப்பாடும் முந்திய காலம், நீலமும் இளஞ்சிவப்பும் இருநிறப் பூச்சும் 50களின் நடுவிலிருந்து, கோணங்கள் கூடிய கனத்த உடல் 60கள் என்று பொதுவாகக் கொள்ளலாம். சியர்ஸ் கடைகள் விற்ற கென்மோர் பெயருள்ளவற்றில் மாடல் எண்ணின் முதல் மூன்று இலக்கங்களே விடை சொல்லிவிடும். 158 என்றால் செய்தது மருசென் நிறுவனம், 385 என்றால் ஜானோமே.

விலை பற்றி எனக்குக் கடுமையான கருத்து உண்டு. ‘அரைத் தொழிற்சாலை வகை’, ‘தோல் தைக்கும்’ என்றெல்லாம் விளம்பரப்படுத்தி 300 டொலர் கேட்கிறார்கள். இவற்றிலிருப்பது ஏறக்குறைய 1 ஆம்பியர் மோட்டர் பூட்டிய வீட்டு இயந்திரம்தான். உடல் இரும்பு என்பதால் தாங்கும். அதற்காக அது தொழிற்சாலை இயந்திரம் ஆகிவிடாது. அரிதான பெயர் என்று கூடுதலாகக் கேட்பதும் நியாயமில்லை, ஏனென்றால் இங்கே எல்லாப் பெயருமே அரிதான பெயர்தான். சுத்தம் செய்யப்படாத ஒன்றுக்கு நான் 40 டொலருக்கு மேல் கொடுப்பதில்லை. மின்கம்பி மாற்றி, ஓட்டிக் காட்டி, தைத்த துணியையும் கையில் தந்தால் 120 வரை கொடுப்பேன். பொபின் கேஸ், அசல் ஃபுட் பெட்டி, சேதமில்லாத பூச்சு ஆகிய மூன்றுமே விலையைத் தீர்மானிக்க வேண்டியவை. நிறம் அழகாக இருந்தால் மனம் கொஞ்சம் இளகும், அதை நான் மறுக்கவில்லை.

சீரமைப்புக்கு வருகிறேன். அசையாத இயந்திரத்தில் பெரும்பாலும் எதுவும் உடைந்திருப்பதில்லை. பல ஆண்டுகள் கிடந்த எண்ணெய் வார்னிஷ் போல இறுகியிருக்கும், அல்லது மேல்நூலைப் பிடித்து அடிநூலோடு கோக்கும் ஷட்டில் ஓடும் வளையத்துக்குள் ஒரு துண்டு நூல் சிக்கியிருக்கும். என் இயந்திரத்தில் இரண்டும் இருந்தன. சன்னலைத் திறந்து வைத்து, அடுப்புக்கு எட்டத்தில், உலோகங்கள் உரசும் ஒவ்வொரு இடத்திலும் மண்ணெண்ணெயைத் துளித்துளியாக விட்டு, முடி உலர்த்தியால் மேற்கையை மெதுவாகச் சூடாக்கினேன். கைச்சக்கரத்தை வலிந்து திருப்பவே கூடாது. நான்காம் நாள் அது ஒரு விரல் அளவு அசைந்தது. ஏழாம் நாள் முழுச் சுற்றுச் சுற்றியது. அதன்பிறகு மண்ணெண்ணெயைத் துடைத்துவிட்டுத் தையல் இயந்திர எண்ணெய் விடுவது கட்டாயம், ஏனென்றால் மண்ணெண்ணெய் அழுக்கைக் கரைக்குமே தவிர உராய்வைத் தாங்காது. துணி தள்ளும் பல்லுக்கு அடியில் பஞ்சு கம்பளி போல இறுகிக் கிடந்தது. அதை ஊசியால் குத்திக் குத்தி எடுத்தேன்.

பூச்சின்மேல் ஸ்பிரிட் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பழைய கறுப்பு இயந்திரங்களில் தங்க வேலைப்பாட்டின் மேலிருக்கும் அரக்குப் பூச்சு அதில் கரைந்துவிடும். தையல் எண்ணெயும் பழைய பனியன் துணியுமே போதும்.

கைச்சக்கரத்தைக் கழற்றிப் பூட்டியபோது நான் செய்த பிழையைச் சொல்லத்தான் வேண்டும். நடுத்திருகுக்கு உள்ளே இருக்கும் காதுள்ள வாசரைத் தலைகீழாக வைத்துவிட்டதால், திருகை எவ்வளவு இறுக்கினாலும் சக்கரம் மட்டும் சுற்றியது, ஊசி இறங்கவில்லை. இரண்டு நாள் மோட்டரைச் சந்தேகித்தேன். வாசரை எடுத்து அரைவட்டம் திருப்பி வைத்தபோது எல்லாம் சரியாயிற்று. டென்ஷன் தட்டுகளைப் பிரிக்கும்போது ஒவ்வொரு படியையும் படம் எடுத்துக்கொண்டதற்கு அந்த அனுபவமே காரணம்.

பொபின் கேஸில் இன்னொரு 15 டொலர் போயிற்று. 15 வகைக்கென விற்கப்படும் கேஸ்களில் இரண்டு விதம் உண்டு: மேலே நீட்டிக்கொண்டிருக்கும் விரல் கடிகாரத்தின் 11 மணி நிலையில் இருப்பது ஒன்று, 1 மணி நிலையில் இருப்பது மற்றொன்று. தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும்; ஆனால் ஒன்றின் இடத்தில் மற்றது அமராது. முதலில் தவறானதை வாங்கிவிட்டேன், விற்றவர் திருப்பி எடுக்கவில்லை. மோட்டரின் வெளிக்கம்பிகளையும் மிதியின் கம்பியையும் மின்வேலை தெரிந்த உறவினரைக் கொண்டு முழுவதுமாக மாற்றினேன். உறை வெடித்த கம்பியோடு ‘ஒருமுறை ஓட்டிப் பார்ப்போம்’ என்று யாரும் இறங்க வேண்டாம்.

இந்த எட்டு ஆண்டுகளில் இதில் சேலைக்கு ஃபால் வைத்திருக்கிறேன், சட்டைகளும் திரைச்சீலைகளும் தைத்திருக்கிறேன், ஜீன்ஸ் காலை நான்கு மடிப்பாக மடித்து ஓட்டியிருக்கிறேன். 16ஆம் எண் ஊசியோடு அந்த மடிப்பில் வேகம் குறைந்தாலும் தையல் விட்டுப்போனதில்லை. நேர்த்தையலின் ஒழுங்கைப் பொறுத்தவரை, இதற்கு முன் வைத்திருந்த புதிய பிளாஸ்டிக் இயந்திரம் இதன் அருகில் நிற்காது. எட்டு மணிநேரத் தையலுக்கு ஒருமுறை ஒவ்வொரு துளையிலும் ஒரு சொட்டு எண்ணெய், அவ்வளவே பராமரிப்பு. இதுவரை மாற்றியவை பெல்ட் ஒன்று, பொபின் சுற்றியின் ரப்பர் வளையம் இரண்டு முறை, விளக்கு ஒருமுறை. பழைய விளக்கு முகத்தையே சுட்டது; எல்.இ.டி. போட்டபின் நிம்மதி.

குறைகளும் சிறியவை அல்ல. இது நேராக மட்டுமே தைக்கும். ஓரம் அடிக்கவும் பொத்தான் துளைக்கும் வேறு வழி பார்க்க வேண்டும். இழுபடும் துணியில் தையல் அறுகிறது. குளியலறைத் தராசில் 14 கிலோ காட்டிய இதை மாடிக்கு ஏற்றி இறக்குவது என் வயதுக்கு ஏற்ற வேலை அல்ல. ஊசியின் தட்டைப் பக்கம் இடப்புறம் நோக்கி இருக்க வேண்டும், நூலை வலமிருந்து இடமாகக் கோக்க வேண்டும். புதிய இயந்திரத்தில் பழகிய என் மகள் ஒவ்வொரு முறையும் மாற்றிக் கோத்துவிட்டுத் தையல் பிடிக்கவில்லை என்று என்னைக் கூப்பிடுவாள்.

சென்ற ஆண்டு அவளுக்காக இன்னொன்று வாங்கினோம். அது பச்சை நிறம், வேறொரு பெயர், ஸிக்ஸாக்கும் உண்டு. ஸிக்ஸாக் நெம்புகோல் அசையவில்லை. அங்கும் காரணம் இறுகிய எண்ணெய்தான். அது இளகும் வரையில், என் நீல இயந்திரத்தின் ஃபுட்டுகளையும் ஊசிகளையும் எடுத்து அதில் பூட்டி நேர்த்தையல் போட்டுப் பழகிக்கொண்டிருந்தாள்.