கோடிங் இல்லாத ஐ.டி. வேலை: டாக்குமெண்டேஷனா, சப்போர்ட்டா, கஸ்டமர் சக்சஸா?

மென்பொருள் நிறுவனத்தில் கோடிங் அல்லாத வேலைக்குச் சேர்ந்தவருக்கு ஆறு மாதத்தில் சலிப்பு தட்டினால், 'நமக்கு டெக்னிக்கல் அறிவு போதவில்லை' என்று தன்னையே நொந்துகொள்வார். கோளாறு பெரும்பாலும் வேலையின் அமைப்பில் இருக்கிறது.

இதை அளக்க ஹாக்மன், ஓல்ட்ஹாம் என்ற இரு ஆய்வாளர்கள் 1970களில் தந்த சூத்திரம் இன்றும் உதவும். வேலை கேட்கும் திறன்களின் வகை, ஒரு காரியத்தை முழுசாக முடிக்கும் வாய்ப்பு, அது பிறருக்கு எவ்வளவு முக்கியம் என்ற மூன்றுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண் போட்டுச் சராசரி எடுங்கள். அதைச் சுதந்திரத்துக்கான மதிப்பெண்ணாலும், பலன் கண்ணுக்குத் தெரிவதற்கான மதிப்பெண்ணாலும் பெருக்குங்கள். உச்சம் 343. பெருக்கல் என்பதுதான் சூட்சுமம்: கடைசி இரண்டில் ஒன்று படுத்தால் மொத்தமும் படுத்துவிடும்.

டாக்குமெண்டேஷனில், அதாவது மென்பொருளுக்கு உதவிப் பக்கங்கள் எழுதும் வேலையில், சராசரி 5, சுதந்திரம் 6 என்று தாராளமாகவே போடலாம். ஆனால் எழுதிய பக்கத்தை யார் படித்தார், எந்தப் படியில் சிக்கினார் என்று தெரியாது, பலனுக்கு 2. ஆக 60. இதைச் சரிசெய்ய யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. உதவிப் பக்கத்தின் தேடல் பெட்டியில் விடை கிடைக்காமல் போன சொற்களை வாரம் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். நீங்கள் 'சந்தா ரத்து' என்று தலைப்பு வைத்திருப்பீர்கள்; ஜனங்கள் 'பணம் பிடிப்பதை நிறுத்த' என்று தேடியிருப்பார்கள். தலைப்பை மாற்றியபின் அதே கேள்வியோடு வரும் டிக்கெட்டுகள் (வாடிக்கையாளர்கள் பதிவுசெய்யும் கேள்விகள், புகார்கள்) குறைகின்றனவா என்று எண்ணுங்கள். பலன் 4 ஆனால் மொத்தம் 120.

சப்போர்ட்டில் கதை தலைகீழ். 'சரியாயிடுச்சு, நன்றி' என்ற பதில் அன்றைக்கே வரும், பலனுக்கு 6. சுதந்திரமோ 2தான்: முன்கூட்டியே எழுதிக்கொடுத்த ஸ்கிரிப்ட், பதில் சொல்லக் கெடு, மணிக்கு இத்தனை டிக்கெட் என்ற கணக்கு. சராசரி 4 என்றால் 48. ஒரே பிழைக்கு நாற்பதாவது முறை மன்னிப்புக் கேட்கும்போதுதான் ஆள் உடைகிறார். குறிப்பிட்ட தொகை வரை ரீஃபண்ட் கொடுக்கும் அதிகாரமும், டிக்கெட் வரிசையிலிருந்து விலகி வாரம் இரண்டு மணி நேரம் அடிக்கடி வரும் பிழைகளைத் தொகுக்க அவகாசமும் கேட்டு வாங்குங்கள். சுதந்திரம் 4 ஆனாலே 96. (மதிப்பெண்கள் எங்கள் கணிப்பு, உங்கள் எண்ணை நீங்கள் போடுங்கள்.)

 

கஸ்டமர் சக்சஸ், அதாவது மென்பொருளை வாங்கியவர் அதை நன்றாகப் பயன்படுத்தி ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்படி பார்த்துக்கொள்ளும் வேலை, பெயரில் இனிக்கும். ஆனால் விற்பனைக்காரர் கொடுத்த வாக்குறுதிக்கு நீங்கள் பதில் சொல்லும் வேலை அது. ஆண்டு ஒப்பந்தம் என்றால் பலன் தெரிய ஒரு வருடம் ஆகும். நேர்காணலில் ஒன்றே ஒன்று கேளுங்கள்: 'என் இலக்கு புதுப்பித்தல் தொகையா, வாடிக்கையாளரின் பயன்பாடா?' தொகை என்று பதில் வந்தால், அது வேறு பெயரில் இருக்கும் விற்பனை வேலை.