வேலிக்கு எது: ஊசிக்களாவா, களாவா?

ஊட்டி நர்சரியிலிருந்து சித்தப்பா ஈரச்சாக்கில் சுற்றி ஒரு ஊசிக்களாக் கன்று கொண்டுவந்தார். ஓசூர் பக்கம் தேன்கனிக்கோட்டைத் தோட்டத்து வேலியோரம் நட்டோம். பக்கத்திலேயே நம்ம ஊர்க் களா.

பெயரில்தான் உறவு, குடும்பம் வேறு. கிளையைக் கீறினால் தெரிந்துவிடும்: ஊசிக்களாவின் கட்டை உள்ளே பளீர் மஞ்சள், பெர்பெரின் என்ற சாயப்பொருள் தரும் நிறம், களாவில் வெள்ளைப் பால் கசியும். இரண்டும் வருஷம் முழுக்கப் பச்சை, இரண்டிலும் முள். ஊசிக்களாவின் மஞ்சள் பூவுக்குள் துரும்பால் மகரந்தத்தாளைத் தொட்டால் சட்டென்று உள்பக்கம் மடங்கும். அழகுக்கு என் ஓட்டு அதற்குத்தான். (களாப்பூ வாசம் மல்லிகைக்குக் கிட்டே வரும், அதையும் சொல்லிவிட வேண்டும்.)

ஆனால் ஊசிக்களாவின் வீடு நீலகிரி, பழனி மலைகள். 1500 மீட்டருக்கு மேலே, குளிரும் ஈரமும் உள்ள சோலைக்காட்டு ஓரங்கள். நம்ம ஓசூர்ப் பக்கமே சுமார் 900 மீட்டர்தான். குடம் குடமாய் ஊற்றியும் சித்திரை வெயிலில் இலை ஓரம் கருகி, கன்று போயே போச்சு.

களாவோ சரளை மண்ணிலும் சளைக்கவில்லை. இரண்டு வருஷத்தில் இடுப்பளவு. ஆடு மூக்கை நீட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறது. காய் ஊறுகாய்க்கு. ஊசிக்களா கருகிய குழியிலும் போன ஆடியில் களாவையே வைத்துவிட்டேன். சித்தப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.