ஜெர்மனியா, இத்தாலியா, பிரான்ஸா: படிப்பு ஒரு பருவம் தள்ளிப்போனால் எங்கே எவ்வளவு செலவாகும்?

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்கள் குறைந்த செலவில் படிக்கக்கூடிய நாடுகளின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வருகிறது. டென்மார்க் 2006-இலும், ஸ்வீடன் 2011-இலும், பின்லாந்து 2017-இலும், நார்வே 2023-இலும் இம்மாணவர்களிடம் கல்விக் கட்டணம் வாங்கத் தொடங்கிவிட்டன. ஆங்கிலவழி முதுகலைப் படிப்பை அரசுப் பல்கலைக்கழகத்தில் படிக்க விரும்பிய நான், கடைசியாக ஜெர்மனி, இத்தாலி, பிரான்ஸ் ஆகிய மூன்றையும் எடைபோட்டு, ஜெர்மனியைத் தேர்ந்தெடுத்துப் பொறியியல் முதுகலையை அங்கேயே முடித்தேன். ஆகவே இந்த ஒப்பீடு ஜெர்மனியின் பக்கம் சாய்ந்தே இருக்கும். மற்ற இரண்டு நாடுகளின் விதிமுறைகளை விண்ணப்பித்த காலத்தில் ஊன்றிப் படித்திருக்கிறேன், அங்கே படித்த நண்பர்களின் வரவுசெலவையும் கேட்டறிந்திருக்கிறேன். ஆனால் அங்கே வாழ்ந்ததில்லை. இளங்கலையை இதில் சேர்க்கவில்லை. ஜெர்மனியின் கட்டணமில்லா இளங்கலைப் படிப்புகளில் பெரும்பாலானவை ஜெர்மன் மொழியிலேயே நடப்பதால், அதற்கான கணக்கே வேறு.

கட்டணத்தைப் பற்றி நீட்டிச் சொல்லத் தேவையில்லை. ஜெர்மனியின் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் கிடையாது. செமஸ்டர் எனப்படும் ஆறு மாதப் பருவத்துக்கு ஏறத்தாழ 100 முதல் 350 யூரோ வரை பங்களிப்புத் தொகை மட்டும் கட்ட வேண்டும். பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 முதல் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024-ஆம் ஆண்டின் குளிர்காலப் பருவம் முதல் முதுகலைக்குப் பருவத்துக்கு 4,000 அல்லது 6,000 யூரோ என்று நிர்ணயித்திருக்கிறது. பிரான்ஸ் 2019-இல் வெளிநாட்டு மாணவர்களுக்கெனத் தனிக் கட்டணத்தைக் கொண்டுவந்தது. 2025-26 கல்வியாண்டில் அது முதுகலைக்கு ஆண்டுக்கு 3,941 யூரோ. பல பல்கலைக்கழகங்கள் தங்கள் அதிகாரத்தைப் பயன்படுத்தி இதிலிருந்து விலக்கு அளிக்கின்றன என்றாலும், அந்த விலக்கு யாருக்கு, எத்தனை ஆண்டுகளுக்கு என்பது பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். இத்தாலியில் கட்டணம் குடும்பத்தின் வருமானத்தையும் சொத்தையும் சேர்த்துக் கணக்கிடும் ஐஎஸ்இஇ மதிப்பைப் பொறுத்தது. அம்மதிப்பு 22,000 யூரோவுக்குள் இருந்தால் பொதுவாகக் கட்டணமே இல்லை. இந்த அளவுகோல் வெளிநாட்டு மாணவருக்கும் பொருந்துமா, அல்லது அவர்களுக்கெனத் தனித்தொகை இருக்கிறதா என்பதை மட்டும் அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் விதியில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தொடக்கத்தில் காட்ட வேண்டிய பணத்தில் ஜெர்மனி மூன்றிலும் கடினமானது என்பதை மறைக்க முடியாது. பிளாக்டு அக்கவுண்ட் என்று எல்லோரும் சொல்லும் முடக்கப்பட்ட கணக்கில் ஓராண்டுக்கான 11,904 யூரோவை விசாவுக்கு முன்பே மொத்தமாகப் போட்டுவைக்க வேண்டும். பிரான்ஸ் கேட்பது மாதத்துக்கு 615 யூரோ என்ற கணக்கில் ஆண்டுக்கு 7,380 யூரோதான். ஆனால் ஜெர்மனியில் முடக்கப்படும் பணம் கட்டணமல்ல; அங்கே போய்ச் சேர்ந்தபின் மாதம் 992 யூரோவாக மாணவரின் கைக்கே திரும்பி வருகிறது. கடன் வாங்கிப் படிப்பவருக்கு, முதல் நாளிலேயே பெருந்தொகைக்கு வட்டி ஓடத் தொடங்கும் என்பதே இதிலுள்ள உண்மையான இழப்பு.

மூன்று நாடுகளையும் இந்த அளவோடு ஒப்பிட்டு நிறுத்திவிட்டால், உதவித்தொகை கிடைக்கும் இத்தாலியே மலிவானது என்று தோன்றும். விளம்பரங்களும் ஆலோசகர்களும் பெரும்பாலும் இங்கேதான் நிறுத்துகிறார்கள். ஆனால் அவர்கள் போடும் கணக்குகள் எல்லாம் படிப்பு நான்கு பருவங்களில் முடிந்துவிடும் என்ற எடுகோளின்மேல் நிற்கின்றன. நான் பார்த்தவரை, வேற்று மொழிச் சூழலில், பகுதிநேர வேலையோடு படிக்கும் வெளிநாட்டு மாணவர்களில் பலருக்கு ஐந்தாவது பருவமும், சிலருக்கு ஆறாவது பருவமும் தேவைப்படுகின்றன. ஆய்வேட்டை ஒரு நிறுவனத்தில் செய்ய முடிவெடுத்தாலே ஒரு பருவம் நீண்டுவிடும். அது பெரும்பாலும் நல்ல முடிவும்கூட, ஏனெனில் முதல் வேலை அங்கிருந்தே அமைவது வழக்கம். ஆகவே ஒவ்வொரு நாட்டிடமும் கேட்க வேண்டிய கேள்வி, படிப்பு தாமதமானால் அதற்கு என்ன விலை என்பதுதான். என் தேர்வை முடிவுசெய்தது இதுவே.

கட்டணமில்லாத ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் ஐந்தாவது பருவத்தின் விலை, பங்களிப்புத் தொகையும் ஆறு மாத வாழ்க்கைச் செலவும் மட்டுமே. மாதம் 992 யூரோ என்று கொண்டால் ஆறு மாதத்துக்கு 5,952 யூரோ ஆகிறது. மியூனிக் போன்ற ஊரில் இது போதாது, லைப்சிக், கெம்னிட்ஸ் போன்ற கிழக்கு ஊர்களில் வாடகை குறைவு. முக்கியமானது, அந்தப் பருவத்தில் வகுப்புகள் முடிந்து ஆய்வேடு மட்டுமே எஞ்சியிருப்பதால், இந்தச் செலவில் பெரும்பகுதியை மாணவரே சம்பாதித்துக்கொள்ள வழி இருக்கிறது. 2024 மார்ச் முதல் வெளிநாட்டு மாணவர் ஆண்டுக்கு 140 முழுநாள்கள் அல்லது 280 அரைநாள்கள் வேலை செய்யலாம். பேராசிரியர்களின் ஆய்வுக்கூடங்களில் கிடைக்கும், ஹிவி எனப்படும் மாணவர் உதவியாளர் வேலை இந்த வரம்பிலேயே சேர்வதில்லை. குறைந்தபட்ச ஊதியம் 2026 ஜனவரி முதல் மணிக்கு 13.90 யூரோ. மாதம் 40 மணி நேரம் ஹிவி வேலை பார்த்தாலே 556 யூரோ வருகிறது. சிக்கனமான ஊரில் விடுதி வாடகையும் மருத்துவக் காப்பீடும் பெருமளவு அதில் அடங்கிவிடும். என்னுடைய கடைசிப் பருவத்தை வீட்டிலிருந்து பணம் வரவழைக்காமல் முடிக்க முடிந்தது இந்த ஏற்பாட்டால்தான்.

இத்தாலியில் நிலைமை வேறு. அங்குள்ள மண்டல உதவித்தொகை உண்மையிலேயே தாராளமானது: வெளியூர் மாணவருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 7,000 யூரோ, கட்டண விலக்கு, உணவகச் சலுகை, பல இடங்களில் விடுதியில் இடம். பியட்மாண்ட் மண்டலத்தில் எடிசு, எமிலியா-ரொமான்யாவில் எர்கோ என்று மண்டலத்துக்கு ஓர் அமைப்பு இதை நடத்துகிறது. ஆனால் இவை அனைத்தும் வேகத்தோடு கட்டப்பட்டவை. முதலாம் ஆண்டில் ஆகஸ்ட் 10-க்குள் பொதுவாக 20 கிரெடிட்டுகளை (பாடங்களில் தேர்ச்சி பெற்றுச் சேர்க்கும் புள்ளிகளை) எட்டாவிட்டால் தொகையின் அடுத்த பகுதி நின்றுபோகும். நவம்பர் இறுதிக்குள்ளும் எட்டாவிட்டால் உதவித்தொகை ரத்தாகி, வாங்கியதைத் திருப்பிக் கட்ட வேண்டும். முதுகலைக்கு ஐந்தாவது பருவத்தோடு உதவி முற்றுப்பெறும். கவலைக்குரியது என்னவென்றால், பணம், விடுதி, உணவு, கட்டண விலக்கு எல்லாம் ஒரே தூணில் நிற்பதால், அந்தத் தூண் சரியும்போது அனைத்தும் சேர்ந்தே சரிகின்றன. தேர்வில் பின்தங்கிய மாணவர், அதே மாதத்தில் வாடகைக்கு அறையும் தேட வேண்டியவராகிறார். தகுதிபெற்றும் நிதி போதாமையால் தொகை கிடைக்காதவர்கள் என்று ஒரு தனிப்பிரிவே அங்கு உண்டு. இறுதிப் பட்டியல் மாணவர் அங்கே போய்ச் சேர்ந்து படிக்கத் தொடங்கிய பின்னரே வெளியாகிறது என்பதால், அதை நம்பி மட்டும் புறப்பட முடியாது.

பிரான்ஸில் கட்டணம் ஆண்டுக் கணக்கில் வசூலாகிறது. விலக்கு இல்லாத மாணவர் ஓராண்டைத் திரும்பப் படிக்க நேர்ந்தால், மீண்டும் 3,941 யூரோ கட்ட வேண்டும். முதுகலையில் அப்படித் திரும்பப் படிக்க அனுமதிப்பதா என்பதைத் தேர்வுக் குழுவே முடிவுசெய்கிறது. வேலை நேர வரம்பு ஆண்டுக்கு 964 மணி. இது ஜெர்மனியின் வரம்பைவிடப் பெரிதும் குறைந்ததல்ல. ஆனால் பிரெஞ்சு தெரியாமல் வேலை தேடுவது எவ்வளவு கடினம் என்பதை நண்பர்கள் சொல்லித்தான் அறிவேன், அதன்மேல் உறுதியான தீர்ப்பு கூற எனக்கு அனுபவம் இல்லை.

ஜெர்மனியின் பொறுமைக்கும் எல்லைகள் உண்டு, அவற்றை அறியாமல் போவது ஆபத்து. பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் ஒரு தேர்வை எழுத மூன்று வாய்ப்புகளே உண்டு. கட்டாயப் பாடமொன்றில் மூன்றையும் இழந்தால் அந்தப் படிப்பிலிருந்தே நீக்கப்படுவதோடு, அதே படிப்பில் நாட்டின் வேறு பல்கலைக்கழகங்களிலும் சேர முடியாமல் போகும். வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கும்போது அடுத்த காலத்துக்கான பணத்தை மறுபடியும் காட்ட வேண்டும். வேலை ஒப்பந்தத்தின் வருமானத்தை அதில் சேர்த்துக்கொள்வது உண்டு என்றாலும், படிப்பு நகர்கிறதா என்று அலுவலகம் மதிப்பெண் பட்டியலையும் கேட்கலாம். மாணவர்களுக்கான சலுகைக் காப்பீடு 30 வயதோடு முடிகிறது. அதற்குப் பின் வரும் தொகை கணிசமாக உயர்வதால், 29 வயதில் படிப்பைத் தொடங்குபவருக்கு நான் மேலே சொன்ன ஐந்தாம் பருவக் கணக்கு அப்படியே பொருந்தாது. பாடன்-வூர்ட்டம்பெர்க்கில் அந்தப் பருவத்துக்கு 1,500 யூரோவைக் கூட்டிக்கொள்ள வேண்டும். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கட்டண விலக்கு கிடைக்காதவருக்கு என் வாதமே செல்லாது.

இத்தாலியை நான் தயங்காமல் பரிந்துரைப்பது ஒருவகை மாணவருக்குத்தான்: குடும்ப வருமானம் குறைவாக இருந்து, அதற்குரிய ஆவணங்களை மொழிபெயர்த்துத் தூதரகச் சான்றோடு நேரத்துக்குள் திரட்டக்கூடியவர், முதல் ஆண்டில் வேலையைத் தொடாமல் படிப்பிலேயே நிற்கக்கூடியவர். 11,904 யூரோவை ஒரே நேரத்தில் திரட்டவே முடியாத குடும்பத்துக்கு ஜெர்மனியின் கதவு தொடக்கத்திலேயே மூடியிருக்கிறது. அவர்களுக்கு இத்தாலி கொடுக்கும் வாய்ப்பு பெரியது. பிரான்ஸ், ஏற்கெனவே பிரெஞ்சு படித்தவருக்கும், சேர்க்கைக் கடிதத்திலேயே கட்டண விலக்கை முழுப் படிப்புக் காலத்துக்கும் எழுத்தில் பெற்றவருக்கும் ஏற்றது.

எந்த நாட்டுக்கு விண்ணப்பித்தாலும், பாடத்திட்டத்தைப் படிக்கும் அதே கவனத்தோடு அந்தப் படிப்பின் தேர்வு விதிமுறைகளையும் படிக்க வேண்டும். ஜெர்மனியில் அவை பெரும்பாலும் இணையத்தில் பொதுவில் கிடைக்கின்றன. தேர்வு வாய்ப்புகள் எத்தனை, நிலுவைப் பாடங்கள் இருக்கும்போது ஆய்வேட்டைத் தொடங்கலாமா, கட்டாயப் பாடங்களின் தேர்வு ஒவ்வொரு பருவத்திலும் நடக்கிறதா, ஆண்டுக்கு ஒருமுறைதானா ஆகியவற்றை அதில் தேடிப் பார்க்கலாம். கடைசியாகச் சொன்னது பலர் கண்ணில் படாத விதி: தேர்வு ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் நடக்கும் படிப்பில், ஒரே ஒரு கட்டாயப் பாடத்தில் தவறினாலும் அடுத்த வாய்ப்புக்கு இரண்டு பருவங்கள் காத்திருக்க நேரிடும், அப்போது ஜெர்மனியிலேயே தாமதத்தின் விலை இரட்டிப்பாகிறது.