23,600 ரூபாய் போச்சு, ஓடும்போதே ஆஃப் ஆகுற பழைய கார் வச்சிருக்கவங்க தயவுசெஞ்சு படிங்க

நேத்து சாயங்காலம்தான் உண்மை தெரிஞ்சுது, ராத்திரி பூரா தூக்கம் வரல, அதான் விடிஞ்சதும் டைப் பண்றேன், எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்கங்க. ஆப்ல புக் பண்ணா வீட்டுக்கே வந்து வண்டிய எடுத்துட்டுப் போய் சர்வீஸ் பண்ணி திருப்பி விட்டுட்டுப் போறவங்க இருக்காங்கல்ல, அப்படி ஒரு ஆப்கிட்டதான் ஏமாந்தேன். பேர் இப்ப போடல, கம்ப்ளெயின்ட் போயிட்டு இருக்கு.

எங்க வண்டி 2009 சான்ட்ரோ ஜிங், அப்பா வாங்குனது. போன மாசம் அம்மாவ கண் செக்கப்புக்கு திருச்சிலேர்ந்து மதுரைக்கு கூட்டிட்டுப் போறேன், துவரங்குறிச்சி தாண்டி எண்பதுல போயிட்டு இருக்கும்போது யாரோ சாவிய திருப்பி ஆஃப் பண்ணாப்ல இன்ஜின் நின்னுடுச்சு. திணறல் இல்ல, ஜெர்க் இல்ல, ஒண்ணும் இல்ல. ஸ்டியரிங் கல்லு மாதிரி ஆயிடுச்சு, பிரேக் ரெண்டு தடவ மிதிச்சதும் மூணாவது தடவ பெடல் இறங்கவே மாட்டேங்குது, பின்னாடி டாரஸ் லாரி ஹார்ன் அடிச்சுக்கிட்டே வருது. எப்படியோ ஓரங்கட்டிட்டேன். அம்மா முந்தானைய வாயில பொத்திக்கிட்டு ஒரு வார்த்த பேசல. இருபது நிமிஷம் கழிச்சு சாவி போட்டா முதல் அடியிலயே ஸ்டார்ட் ஆவுது.

வந்ததும் ஆப்ல புக் பண்ணேன். மறுநாள் அட்வைசர் போன் பண்ணான், தன்மையா பேசுனான். "அண்ணே, ஃபியூயல் பம்ப் போயிருச்சு, ஈசிஎம்லயும், அதான் இன்ஜின் கம்ப்யூட்டர்லயும், ஃபால்ட் காட்டுது, அம்மாவ வச்சுக்கிட்டு ஹைவேஸ் போற வண்டிண்ணே, நானா இருந்தா ரிஸ்க் எடுக்க மாட்டேன்"னான். கருப்பா அழுக்கு புடிச்ச ஒரு பம்ப வீடியோ எடுத்து அனுப்புனான். அது என் வண்டியோட பம்ப்தானான்னு கேக்கணும்னு கூட எனக்குத் தோணல. அம்மாவ சொன்னான் பாருங்க, அங்கதான் விழுந்துட்டேன். பம்ப் 7,500, ஈசிஎம் ரிப்பேர் 9,000, இன்ஜெக்டர் கிளீனிங் லேபர் எல்லாம் 3,500, ஜிஎஸ்டி 18% சேத்து 23,600. ஆப்ல கட்டுனா ரெண்டு நாள் லேட் ஆகும்ணே, இந்த நம்பருக்கு யுபிஐ பண்ணிடுங்கன்னான், பண்ணிட்டேன். 23,600 ரூபாய், அம்மா கண்ணாடிக்கும் ஆபரேஷனுக்கும்னு எடுத்து வச்சிருந்த காசு.

வண்டி வந்த நாலாவது நாள் பால்பண்ணை ரவுண்டானாவுல, பீக் அவர்ல, அதே மாதிரி பட்டுன்னு ஆஃப்.

போன் பண்ணா அட்வைசர் எடுக்கல. கஸ்டமர் கேர்ல "உங்க சிரமம் புரியுது சார், டிக்கெட் போட்டாச்சு, 48 மணி நேரம்"னாங்க. அந்த 48 மணி நேரம் மூணு தடவ வந்து போச்சு. அப்புறம் பணம் ஆப்ல வரல, அதனால கராஜ்கிட்ட பேசுங்கன்னாங்க. கராஜ்ல போய் நின்னா ஆப்காரங்ககிட்ட கேளுங்கங்கறான். கழட்டுன பழைய பம்ப குடுங்கன்னு கேட்டேன், ஸ்கிராப்ல போயிடுச்சாம். வாரன்டி கேட்டா எலக்ட்ரிக்கல் ஐட்டத்துக்கு கிடையாதாம். பில்லுல ஜிஎஸ்டின்னு 3,600 போட்டிருக்கான், ஜிஎஸ்டி நம்பரே இல்ல. கடைசியா அந்த அட்வைசரே வந்து, "இன்ஜின் ஆயுசு அவ்வளவுதாண்ணே, விக்கிறதுன்னா சொல்லுங்க, பார்ட்டி ரெடியா இருக்கு"ன்னு சொன்னான் பாருங்க, அப்பதான் எனக்கு உடம்பெல்லாம் எரிஞ்சுது. அப்பா ஓட்டுன வண்டி அது.

நேத்து தெரிஞ்சவர் சொல்லி வயசான ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருத்தர்கிட்ட போனேன். அவர் எதையும் கழட்டல. "எப்ப நிக்குது தம்பி, சூடாகியா, குளிர்ந்து இருக்கும்போதா? திணறி நிக்குதா, பட்டுன்னு நிக்குதா?"ன்னு ரெண்டே கேள்வி. ஏசிய போட்டு வண்டிய ஐடில்ல விட்டுட்டு டீ குடிக்கப் போயிட்டார். நாப்பது நிமிஷத்துல நின்னுச்சு. சாவிய ஆன் பண்ணி பின்சீட்டுகிட்ட காது வைக்கச் சொன்னார், ரெண்டு செகண்ட் ம்ம்ம்னு சத்தம், பம்ப் வேல செய்யுது. ஃபியூயல் லைன்ல கேஜ் மாட்டுனா பிரஷரும் சரியா நிக்குது. பிளக்ல ஸ்பார்க் மட்டும் இல்ல. ஸ்கேனர மாட்டி என்னைய ஸ்டார்ட் அடிக்கச் சொன்னார், ஸ்டார்ட்டர் கரகரன்னு சுத்துது, ஸ்கிரீன்ல ஆர்பிஎம் சைபர். "இன்ஜின் சுத்துறதே கம்ப்யூட்டருக்குத் தெரியல தம்பி"ன்னார். கிராங்க் சென்சார், இன்ஜின் சுத்துறத கம்ப்யூட்டருக்குச் சொல்ற சாமான். அதுக்குள்ள இருக்கற காயில் சூடானா கட் ஆகுது, ஆறுனா சேந்துக்குது, அதான் இருபது நிமிஷம் கழிச்சு ஸ்டார்ட் ஆகுது. சென்சார் மேல பச்சத்தண்ணி கொஞ்சம் ஊத்துனார், உடனே ஸ்டார்ட் ஆயிடுச்சு. என் கண்ணு முன்னாடி. கட்டைவிரல் அளவு சாமான், 1,150 ரூபாய், கூலி 300. நான் குடுத்தது 23,600.

இத அவனுங்களால கண்டுபுடிக்க முடியாம இல்ல, வண்டிய சூடு பண்ணி நிக்க விட்டுப் பாத்திருந்தாலே தெரிஞ்சிருக்கும், பாக்கணும்னு நினைக்கல, அவ்வளவுதான்.

இன்னும் விவரமா எழுதணும்னுதான் உக்காந்தேன், முடியல, முக்கியமானத மட்டும் சொல்லிடறேன். நிக்கிறத மெக்கானிக் நேர்ல பாக்காம ஒரு பார்ட்டையும் மாத்த விடாதீங்க. திணறித் திணறி இழுவை இல்லாம நின்னா பெட்ரோல் பக்கம் பாக்கச் சொல்லுங்க, சிக்னல்ல ஆக்சிலேட்டர்லேர்ந்து கால எடுத்ததும் நின்னா த்ராட்டில் பாடில (இன்ஜினுக்குக் காத்து போற வழி) கார்பன் படிஞ்சிருக்கான்னு பாக்கச் சொல்லுங்க, பட்டுன்னு நின்னு ஆறுனதும் எடுத்தா முதல்ல கிராங்க் சென்சார். பழைய பார்ட்ட கையில வாங்கிட்டு காசு குடுங்க. தனி ஆள் நம்பருக்கு யுபிஐ பண்ணவே பண்ணாதீங்க. ஓடும்போது நின்னா பிரேக்க விட்டு விட்டு மிதிக்காதீங்க, ஒரே மிதியா அமுக்கிப் புடிங்க, சாவிய மட்டும் உருவிடாதீங்க, ஸ்டியரிங் லாக் ஆயிடும்.

1915ங்கற நுகர்வோர் ஹெல்ப்லைன் நம்பர்ல கம்ப்ளெயின்ட் குடுத்துட்டேன், பில்லு, யுபிஐ ஸ்கிரீன்ஷாட், அந்த பம்ப் வீடியோ எல்லாம் எடுத்து வச்சிருக்கேன். இத எழுதிட்டு இருக்கும்போதே ஆப்லேர்ந்து மெசேஜ் வருது, உங்க டிக்கெட் க்ளோஸ் பண்ணியாச்சு, எங்க சேவைக்கு எத்தன ஸ்டார் தருவீங்கன்னு.