கறுப்பியின் கூண்டு: சென்னையிலிருந்து ஃப்ராங்க்ஃபர்ட் வந்து மூன்று வருடம்

எங்கள் நாய் கறுப்பியை விமானத்தில் ஏற்றிக் கொண்டுவந்து மூன்று வருடம் ஆகிறது. அப்போது வாங்கிய கூண்டு இன்னும் எங்கள் ஹாலில்தான் இருக்கிறது. நாயோடு ஜெர்மனிக்கு வரப்போகிறவர்கள் யாராவது அவ்வப்போது எங்களிடம் விசாரிப்பார்கள். எல்லோரும் முதலில் கேட்பது "எந்த ஏர்லைன்ஸ் நல்லது?" என்றுதான். 2022இல் நானும் அங்கேதான் ஆரம்பித்தேன். இப்போது யாராவது கேட்டால், அதை அப்புறம் பார்க்கலாம், கூண்டு வாங்கியாச்சா என்று திருப்பிக் கேட்கிறேன்.

கறுப்பி நாட்டு நாய். மேடவாக்கத்தில் எங்கள் தெருவிலேயே பிறந்து, ஒரு மழை நாளில் மாடிப்படிக்கு அடியில் ஒண்டியவள், அப்படியே தங்கிவிட்டாள். 18 கிலோ. காது இரண்டும் கொம்பு மாதிரி நிமிர்ந்து நிற்கும். இன்னொருவன் கிட்டு, பக் வகை. ஹட்ச் விளம்பரத்தில் ஒரு பையன் பின்னாலேயே போகுமே, அந்த நாய். எனக்கு ஃப்ராங்க்ஃபர்ட் பக்கத்து டார்ம்ஸ்டாட்டில் வேலை கிடைத்தபோது இரண்டு பேரையும் கூட்டிப்போவதாகத்தான் பேச்சு.

முதல் அடி காகிதத்தில் விழுந்தது. ரேபிஸ் விஷயத்தில் ஐரோப்பிய ஒன்றியம் எளிதாக உள்ளே விடும் நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லை. அதனால் தோலுக்கடியில் அடையாள எண்ணுள்ள மைக்ரோசிப், ரேபிஸ் ஊசி, 30 நாள் கழித்து ரத்தப் பரிசோதனை, அந்த ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதக் காத்திருப்பு, இதற்குப் பிறகுதான் நாய் உள்ளே நுழைய முடியும். ரத்தத்தில் எதிர்ப்புச்சக்தி ஒரு மில்லிலிட்டருக்கு 0.5 ஐ.யூ. (சர்வதேச அலகு) அளவாவது இருக்க வேண்டும். பரிசோதனையும் ஒன்றியம் அங்கீகரித்த ஆய்வகத்தில்தான் நடக்க வேண்டும். கறுப்பிக்கு வருடா வருடம் ஊசி போட்டு, அட்டையும் சுத்தமாக வைத்திருந்தோம். சிப் மட்டும் மே மாதம் போட்டோம். "ஜனவரியில்தானே ஊசி போட்டிருக்கிறீர்கள், அதுவே போதும்" என்றார்கள் கிளினிக்கில். ரத்தம் எடுத்து அனுப்பினார்கள். அளவும் நன்றாகவே வந்தது.

ஆனால் செல்லாது. சிப் போட்ட அன்றோ அதற்குப் பிறகோ போட்ட ஊசிதான் கணக்கு. சிப் இல்லாத நாய்க்குப் போட்ட ஊசி இந்த நாய்க்குத்தான் போட்டது என்று யார் சொல்வது? அவர்கள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் எங்களுக்குப் பல ஆயிரம் ரூபாயும் ஒரு மாதமும் போயின. ஜூன் கடைசியில் மறுபடி ஊசி, ஆகஸ்ட் 2 அன்று மறுபடி ரத்தம். அப்படிப் பார்த்தால் நவம்பருக்கு முன்னால் கறுப்பி கிளம்ப முடியாது. நானோ செப்டம்பரில் வேலையில் சேர வேண்டும்.

அதனால் நான் முன்னால் வந்துவிட்டேன். இவர், அதாவது என் கணவர், அங்கேயே தங்கி, கறுப்பியின் காகிதம் முழுவதையும் தன் பெயருக்கு மாற்றினார். உரிமையாளரின் பயணமும் நாயின் பயணமும் ஐந்து நாளுக்குள் அமைந்தால்தான் 'வீட்டு நாய்' என்ற கணக்கில் வரும். இல்லையென்றால் வியாபாரத்துக்குக் கொண்டுவரும் விலங்குகளுக்கான விதி வந்து ஒட்டிக்கொள்ளும்.

கிட்டுவின் விஷயம் ஒரே வாரத்தில் முடிந்துவிட்டது. மூக்கு சப்பையான நாய்கள் சாதாரண நாளிலேயே மூச்சுக்குச் சிரமப்படும். பயமும் சூடும் சேர்ந்தால் மூச்சிரைக்கும், இரைத்தால் தொண்டை வீங்கும், வீங்கினால் இன்னும் இரைக்கும். பல விமான நிறுவனங்கள் இவற்றைச் சரக்கில் ஏற்றுவதே இல்லை. ஏற்றும் நிறுவனமும் கூண்டு 10 சதவீதம் பெரிதாக வேண்டும் என்கிறது. கிட்டுவுக்கு அப்போது ஒன்பது வயது, படி ஏறினாலே குறட்டை விடுவான். எங்கள் மருத்துவர் அவன் மூக்குத் துளையை டார்ச் அடித்துப் பார்த்தார். "இவனை விட்டுட்டுப் போங்கம்மா" என்றார். கும்பகோணத்தில் அம்மாவிடம் விட்டுவிட்டு வந்தேன். அன்று பஸ்ஸில் அழுததை இங்கே நீட்ட வேண்டாம்.

இனி கூண்டுக்கு வருகிறேன். சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் விலங்கு விதிகள்தான் இதற்கு வேதம். மூக்கு நுனியிலிருந்து வாலின் அடிவரை ஒரு அளவு, தரையிலிருந்து முழங்கைவரை ஒரு அளவு. முதலாவதோடு இரண்டாவதில் பாதியைக் கூட்டினால் கூண்டின் நீளம். தோள் அகலத்தைப் போல் இரண்டு மடங்கு, கூண்டின் அகலம். நிற்கும்போது தலை உச்சி அல்லது காது நுனி, எது உயரமோ அதோடு உள்ளே விரிக்கும் விரிப்பின் கனத்தைச் சேர்த்தால் உயரம். நாய் தலை இடிக்காமல் நிற்க வேண்டும், திரும்ப வேண்டும், காலை நீட்டிப் படுக்க வேண்டும். விதியின் சாரம் அவ்வளவுதான்.

நாயை அனுப்ப நாங்கள் பிடித்த ஏஜென்ட் கறுப்பியின் காதை அழுத்திப் பிடித்துக்கொண்டு தலையை மட்டும் அளந்தார். வந்து இறங்கியது 400 என்ற அளவு எண்ணுள்ள கூண்டு. உள்ளே போய் நின்றதும் காது இரண்டும் கூரையில் மடங்கின. "அட்ஜஸ்ட் பண்ணிக்கும் சார்" என்றாராம். இவர் அதிர்ந்து பேசாத ஆள். அன்றைக்குப் பேசியிருக்கிறார். கார்கோ கவுன்டரில் இந்தக் காதைப் பார்த்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பத்து நாளில் செல்லாமல் போகும் உடல்நலச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு அப்போது எங்கே போவது? அதைவிடப் பெரிய 500ஆக மாற்றி வாங்கினார். 102 செ.மீ. நீளம், 69 அகலம், 76 உயரம். இதனால் செலவும் ஏறியது. விமானச் சரக்கில் எடைக்குக் கட்டணமா, இடத்துக்கா என்றால், எது அதிகமோ அதற்கு. நீள அகல உயரத்தைப் பெருக்கி 6000ஆல் வகுத்தால் 89 கிலோ வருகிறது. கறுப்பியும் கூண்டும் சேர்ந்தே 30 கிலோ இருக்காது, ஆனால் பில் 89 கிலோவுக்கு. ஏஜென்ட் சின்னதாக வாங்கியதற்குக் காரணம் இதுதான் என்று இப்போது புரிகிறது. என்னைக் கேட்டால் பணத்தை மிச்சம் பிடிக்கக் கூடாத ஒரே இடம் இது.

அதோடு வந்த பிளாஸ்டிக் கிளிப்பையும் நம்பாதீர்கள். மேல்பாதியையும் கீழ்பாதியையும் இரும்பு போல்ட், நட் போட்டு முடுக்க வேண்டும். கதவின் நான்கு மூலையிலும் கேபிள் டை. தண்ணீர்க் கிண்ணத்தைக் கதவைத் திறக்காமலே வெளியிலிருந்து நிரப்ப முடிய வேண்டும். சக்கரம் இருந்தால் கழற்றிவிட வேண்டும்.

ஆகஸ்டிலிருந்து நவம்பர்வரை சும்மா காத்திருக்கிறோமே என்று நான் புலம்பிக்கொண்டிருந்தேன். கறுப்பி பத்திரமாக வந்து சேர்ந்ததே அந்த மூன்று மாதத்தால்தான். முதல் மூன்று வாரம் கூண்டின் கீழ்பாதி மட்டும், என் பழைய சேலையை விரித்து. சோறு அதற்குள்தான். பிறகு மேல்பாதி வந்தது. பிறகு கதவு, திறந்தபடி. பிறகு ஒரு நிமிடம் சாத்தி, ஐந்து நிமிடம் சாத்தி, அக்டோபரில் ராத்திரி முழுவதும் சாத்தி. நடுவில் இவருக்கு ஒரு யோசனை வந்தது. தெரிந்தவரின் குட்டி யானை லாரியில் கூண்டைக் கட்டி, கறுப்பியையும் வைத்து, தாம்பரம்வரை இரண்டு முறை ஓட்டிக்கொண்டு போனார். ஆட்டம், சத்தம், இருட்டு, டீசல் வாடை எல்லாம் அவளுக்குப் பழகட்டும் என்று. தெருவே சிரித்தது.

அக்டோபர் 24 தீபாவளி. வெடிச் சத்தம் கேட்டால் கறுப்பி கட்டிலுக்கு அடியில் போய் நடுங்குவாள், ஒவ்வொரு வருடமும் அப்படித்தான். அன்று முதல் சரவெடிக்கு அவளாகவே கூண்டுக்குள் ஓடிப்போய்ச் சுருண்டாள். இவர் வீடியோ எடுத்து அனுப்பியிருந்தார். அதைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது.

தூக்கம் என்றதும் ஞாபகம் வருகிறது. "ஒரு மாத்திரை கொடுத்துத் தூங்க வைத்துவிடுங்கள்" என்று சொல்லாத ஆளே இல்லை. கொடுக்கக் கூடாது. மயக்க மருந்து ரத்த அழுத்தத்தைக் குறைக்கும், உடல் சூட்டைச் சமாளிக்கவிடாது. விமானம் சாயும்போது நாயால் காலை ஊன்றி நிற்க முடியாது. உள்ளே ஏதாவது ஆனாலும் யாரும் பக்கத்தில் இல்லை. மயங்கிய நாயைப் பல நிறுவனங்கள் கவுன்டரிலேயே மறுத்துவிடும்.

கடைசி வாரம் பள்ளிக்கரணையில் உள்ள விலங்குத் தொற்றுத்தடுப்பு நிலையத்துக்கு இரண்டு நடை. அந்த ஐரோப்பிய உடல்நலச் சான்றிதழ் ஆங்கிலத்தோடு ஜெர்மன் மொழியிலும் இருக்க வேண்டும். சிப்பின் 15 இலக்கமும் எல்லாக் காகிதத்திலும் ஒன்றுபோல இருக்கிறதா என்று இவர் ஸ்கேல் வைத்துப் பார்த்தாராம். ஒரு இடத்தில் 6ம் 9ம் மாறியிருந்தது. அங்கேயே திருத்தி வாங்கிவிட்டார்.

கிளம்பிய இரவு மழை. மீனம்பாக்கம் கார்கோவில் கறுப்பியை வெளியே எடுத்து, காலிக் கூண்டை மட்டும் எக்ஸ்ரேயில் விட்டார்கள். கழுத்துப் பட்டை நன்றாக இறுகியிருக்க வேண்டிய நேரம் அதுதான். பயந்த நாய் உருவிக்கொண்டு ஓடினால் அந்த இடத்தில் பிடிக்கவே முடியாது. கிண்ணத்துத் தண்ணீரை முதல் நாளே ஃப்ரீசரில் வைத்து உறைய வைத்திருந்தார். ஏற்றும்போது தளும்பாது, பிறகு மெல்ல உருகும். நாய்கள் போகும் பகுதியிலும் பயணிகள் இடத்தைப் போலவே காற்றழுத்தம் உண்டு, வெப்பமும் சீராக இருக்கும். உயிருள்ள சரக்கு எங்கே இருக்கிறது என்ற தாள் விமானியின் கைக்குப் போகும். ஆனாலும் இவர் பணிப்பெண்ணிடம் "கீழே என் நாய் இருக்கு" என்று ஒரு வார்த்தை சொல்லிவைத்தார்.

ஃப்ராங்க்ஃபர்ட் விமான நிலையத்தில் விலங்குகளுக்கென்றே அனிமல் லவுஞ்ச் என்று தனிக் கட்டடம் இருக்கிறது. நாய், பூனை மட்டுமில்லை, குதிரையும் மீனும்கூட அங்கே வருகின்றன. கால்நடை மருத்துவர் சிப்பைப் படித்து, காகிதத்தைச் சரிபார்த்து, பிறகு சுங்கம். நான்கு மணி நேரம் போல ஆனது. கதவைத் திறந்ததும் பாய்ந்து வருவாள் என்று நான் கையை விரித்துக்கொண்டு நின்றேன். அவள் என்னைப் பார்த்தாள், கொட்டாவி விட்டாள், திரும்பிப் படுத்துக்கொண்டாள். சேலை காய்ந்தே இருந்தது. வெளியே வந்ததும் முதல் புல்தரையில் ஒரு நிமிடம் நின்று சிறுநீர் கழித்தாள்.

மூன்று வருடத்தில் எது தாக்குப்பிடித்தது என்றால், கூண்டின் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. கதவுக் கம்பி ஒன்று வளைந்திருக்கிறது, அது இவர் மாடிப்படியில் போட்டது. போல்ட்டுகளில் இரண்டு துரு. நல்ல விலை கொடுத்து வாங்கிய முனையில் உருளை வைத்த, நக்கினால் தண்ணீர் வரும் புட்டியை அவள் தொட்டதே இல்லை, அது தண்டம். இங்கே வந்ததும் நீல நிற ஐரோப்பிய பாஸ்போர்ட் எடுத்தோம். ரேபிஸ் ஊசியை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் போடுகிறோம். தேதி தவறாதவரை அந்தப் பழைய ரத்தப் பரிசோதனை செல்லும், தவறினால் மறுபடி முதலிலிருந்து. நகராட்சிக்கு வருடா வருடம் நாய் வரியும் கட்டுகிறோம். மேடவாக்கத்துத் தெருநாய் ஜெர்மனியில் வரி கட்டுகிறது என்று அம்மாவுக்கு இன்னும் சிரிப்பு.

கிட்டுவுக்கு இப்போது பன்னிரண்டு. மோர்சாதம் தின்று இன்னும் உருண்டையாகிவிட்டான். வீடியோவில் அவன் குறட்டை கேட்டால் கறுப்பி காதைத் தூக்குகிறாள்.

போன மாதம் ஊருக்குத் திரும்பும் ஒரு குடும்பம் கூண்டை இரவலாகக் கேட்டது. கொடுக்கலாம் என்று இவர் போல்ட்டைக் கழற்ற உட்கார்ந்தார். கறுப்பி உள்ளே போய்ப் படுத்துவிட்டாள். அவர்களுக்கு 500 எண் கூண்டு எங்கே கிடைக்கும் என்று விலாசம் எழுதிக் கொடுத்தோம்.