ஏழு தலையா, பதினெட்டுத் தலையா: வியட்நாமின் இரண்டு ஆசான்கள்

வியட்நாமில் ஆசிரியர் என்றதும் முதலில் வரும் பெயர் சு வான் ஆன் (1292–1370). ட்ரான் வம்ச காலத்தில் அரச கல்விக்கழகத்தில் பட்டத்து இளவரசருக்கே பாடம் சொன்னவர். ஊழல் பெருகியபோது, ஏழு அதிகாரிகளின் தலையை வெட்டச் சொல்லி மன்னருக்கு மனு எழுதினார். மன்னர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மனிதர் பதவியைத் தூக்கிப் போட்டுவிட்டு சீ லின் மலைப்பக்கம் போய்விட்டார்.

நுவென் பின் கியெம் (1491–1585) கதையும் கிட்டத்தட்ட இதேதான். மாக் வம்சத்தில் 1535-ல் அரசுத் தேர்வில் முதலிடம். அப்போதே வயது நாற்பதுக்கு மேல். இவர் கேட்டது பதினெட்டுத் தலை! அதுவும் நடக்கவில்லை. ஊர் திரும்பி, 'வெண்மேகம்' என்று பெயர் வைத்த குடிலில் பாடம் நடத்தினார்.

அப்புறம்தான் வித்தியாசம். பின் கியெம் ஒதுங்கியும் அரசியலை விடவில்லை. நுவென் ஹோவாங் என்ற பிரபு ஆள் அனுப்பி யோசனை கேட்டபோது, ஹோவான் சோன் மலைத்தொடருக்குத் தெற்கே போனால் பிழைக்கலாம் என்று சூசகமாகச் சொன்னாராம். ஹோவாங் 1558-ல் தெற்கே போனார்; அவர் வழிவந்தவர்களே பின்னாளில் நாட்டை ஆண்டார்கள். தீர்க்கதரிசி என்ற பெயர் பின் கியெமுக்கு ஒட்டிக்கொண்டது. அவர் பேரில் உலவும் ஆரூடங்களை எல்லாம் நான் நம்பமாட்டேன்.

ஆசிரியராக எனக்குப் பிடித்தவர் சு வான் ஆன்தான். பெரிய அமைச்சர்களாகிவிட்ட பழைய மாணவர்கள் பார்க்க வந்தால், அவர் கட்டிலுக்குக் கீழே தரையில் நின்று வணங்குவார்களாம். தப்பு செய்திருந்தால் அங்கேயே திட்டு விழும். இரண்டு வார்த்தை பேசக் கிடைத்தாலே அவர்களுக்குச் சந்தோஷமாம்.